பள்ளி மூடிக் கிடக்கும்போது ஆசிரியர்களுக்கு வாரத் தகவல்: வாட்ஸ்அப்பா, கூகுள் மீட்டா, ஒரு பக்கத் தாளா, போனா?

தலைமையாசிரியர் பொறுப்புக்குப் புதிதாக வந்த சிலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கொரோனா மாதிரி இன்னொன்று வந்து பள்ளியை மாதக்கணக்கில் மூடச் சொன்னால், ஸ்டாஃப் எல்லோருக்கும் வாராவாரம் விவரம் சொல்ல எந்த வழி நல்லது? வாட்ஸ்அப் குழு போதுமா, கூகுள் மீட்டில் கூப்பிட வேண்டுமா, எழுதி அனுப்ப வேண்டுமா? ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள், எதை எடுப்பது என்று புரியவில்லை என்கிறார்கள்.

குழப்பம் நியாயமானதுதான். 2020-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மார்ச் 27 தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போனது. பிறகு ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. பள்ளி திறப்பும் அப்படியே. மேல் வகுப்பு மாணவர்கள் விருப்பப்பட்டால் அக்டோபர் 1 முதல் வரலாம் என்று வந்த ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பர் 16 என்றது கைவிடப்பட்டது. 10, 12 வகுப்புகள் உண்மையில் திறந்தது 2021 ஜனவரி 19-இல்.

இதில் ஆசிரியர்களுக்குத் தகவல் பஞ்சம் என்றைக்குமே இல்லை. தேவைக்கு மேலேயே இருந்தது. பெற்றோர் டிவியில் பிரேக்கிங் நியூஸ் பார்த்துவிட்டு வகுப்பாசிரியருக்குப் போன் போடுவார். அரசாணை அதற்குப் பிறகு வரும், இயக்குநரின் செயல்முறைகள் (அலுவலக உத்தரவு) அதற்கும் பிறகு, முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் கடைசியாக. அந்த இடைவெளியில் வகுப்பாசிரியர் கையில் மூன்று தேதிகள் இருக்கும், எது செல்லும் என்று தெரியாது. இதற்குப் பதில் சொல்ல உதவாத வழி எவ்வளவு வசதியாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் அதுதான்: இன்றைய தேதியில் எது நடப்பு என்று ஓர் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா?

இரண்டாவது, எல்லோரையும் எட்டுகிறதா? எல்லோரும் என்றால் முதுகலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர் மட்டுமல்ல. ஆய்வக உதவியாளர், இளநிலை உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், மருத்துவ விடுப்பில் இருப்பவர் எல்லோரும்தான்.

மூன்றாவது, ஆறு மாதம் கழித்து “அப்போது என்ன சொன்னோம்?” என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்குமா? நான்காவது, கேள்வி கேட்க இடம் இருக்கிறதா, குறிப்பாகக் கூட்டத்தில் வாய் திறக்காதவர்களுக்கு? ஐந்தாவது, யாருக்குத் தொற்று, யார் வீட்டில் என்ன நிலைமை என்பது அம்பலமாகாமல் இருக்குமா? கடைசியாக நேரம். அனுப்புகிறவர் நேரத்தையும் பெறுகிறவர் நேரத்தையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் பள்ளியில் எச்.எம். (தலைமையாசிரியர்) அரை மணி மிச்சப்படுத்தி, அதற்குப் பதிலாக நாற்பது பேரும் தலைக்குக் கால் மணி தேடினால் மொத்தத்தில் அது நஷ்டம்.

வாட்ஸ்அப் குழு மட்டும்

பெரும்பாலான பள்ளிகள் கையில் எடுத்தது இதைத்தான். செலவில்லை, ஏற்கெனவே குழு இருக்கிறது, ஒரு நொடியில் போய்ச் சேரும். நாளைக்குப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று இரவு ஒன்பதரைக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

வாரத் தகவலுக்கு இதை மட்டும் நம்பினால் சிக்கல். சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகக் குழுவில் ஒரு பிடிஎஃப் வருகிறது. சாய்வாக ஸ்கேன் செய்த மூன்று பக்கச் செயல்முறைகள், பார்வை 1, பார்வை 2 என்று தொடங்கி, செய்ய வேண்டியது மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும். எச்.எம். அதை அப்படியே ஸ்டாஃப் குழுவுக்குத் தள்ளிவிட்டு “உடனடி நடவடிக்கை தேவை” என்று ஒரு வரி போடுகிறார். யார் எடுக்க வேண்டிய நடவடிக்கை? ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு இதில் வேலை உண்டா? ஒவ்வொருவரும் தனித்தனியாக மூன்று பக்கமும் படித்து முடிவுக்கு வர வேண்டும். பாதிப்பேர் படிக்க மாட்டார்கள். மீதிப் பேர் படித்துவிட்டு உதவித் தலைமையாசிரியருக்குப் போன் போடுவார்கள்.

அப்புறம், குழுவில் தகவல் புதைந்து போவது. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது ஆசிரியர் குழுக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓர் இரங்கல் செய்தி வரும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு “ஆழ்ந்த இரங்கல்”, கூப்பிய கைகள், மாலை போட்ட படம். அதற்கு முன்னால் போட்ட எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளம்) பதிவு வேலை எங்கேயோ மேலே போய்விடும். இரங்கல் போடாதீர்கள் என்று எந்த மனிதர் சொல்வார்? சொல்லவும் கூடாது.

அதனால் அறிவிப்புக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு குழு வைப்பதுதான் வழி. அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைக்கும் வசதி 2018-லிருந்தே இருக்கிறது. ஆனாலும் சில ஓட்டைகளை அடைக்க முடியாது. மாறுதலில் புதிதாக வந்து சேருகிறவருக்குக் குழுவின் பழைய செய்திகள் தானாகத் தெரியாது. ஓய்வு பெற்றவரும் மாறிப்போனவரும் குழுவிலேயே இருப்பார்கள், நீக்கினால் மனம் வருத்தப்படுவார்கள் என்று யாரும் நீக்குவதில்லை. அவர்கள் இருக்கும் இடத்தில் ஒருவருடைய பரிசோதனை முடிவைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

நீல டிக் பற்றியும் ஒரு வார்த்தை. குழுச் செய்தியை அழுத்தி விவரம் பார்த்தால் யார் யார் பார்த்தார்கள் என்று வரும். ரீட் ரெசீட்டை (நீல டிக் காட்டும் வசதியை) அணைத்து வைத்தவரும் குழுவில் தப்ப முடியாது. சிலர் இதையே வருகைப் பதிவேடு மாதிரிப் பயன்படுத்தி, “நேற்று இரவே பார்த்துவிட்டீர்களே, ஏன் செய்யவில்லை?” என்று கேட்டார்கள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் செய்தியைத் திறக்காமலே அறிவிப்புப் பட்டியில் முதல் இரண்டு வரியைப் படிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இது மட்டுமே போதுகிற பள்ளியும் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கிற, எல்லோரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்த சின்ன உயர்நிலைப் பள்ளி. அங்கே குழுவும் இரண்டு போனும் இருந்தால் வாரம் ஓடிவிடும்.

வாராந்திரக் கூகுள் மீட்

எச்.எம்.களுக்கு இது பிடிக்கும், ஸ்டாஃப் மீட்டிங் நடத்திய திருப்தி கிடைக்கும். முகம் பார்த்துப் பேசலாம், சந்தேகத்தை உடனே தீர்க்கலாம். மூடிக் கிடந்த மாதங்களில் சக ஆசிரியர்களின் குரலைக் கேட்டதே ஆறுதலாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியர் வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதில் அவருடைய பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. காலையில் மீட்டிங் வைத்தால் பிள்ளையின் வகுப்பு போகும், மாலை ஆறு மணிக்கு வைத்தால் அடுப்படியில் இருக்கும் ஆசிரியை மியூட்டில் போட்டுவிட்டுக் குக்கர் விசிலுக்கு நடுவே கேட்பார். கிராமத்தில் இருப்பவர் சிக்னலுக்காக மொட்டை மாடிக்குப் போவார். “சார், உங்க வாய்ஸ் கட் ஆகுது” என்பது அந்த இரண்டு வருடத்தில் எல்லாக் கூட்டத்திலும் ஒலித்த வாசகம். கடைசியில் எச்.எம். சுற்றறிக்கையை வரிவரியாகப் படித்து முடிப்பார். படித்துக் காட்டுவதற்கு நாற்பது பேர் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதில்லை.

பதிவும் மிஞ்சாது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று மறுநாள் கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

ஆனால் மீட் இல்லாமல் முடியாத நேரங்களும் இருந்தன. 2021 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, மதிப்பெண் கணக்கிடும் முறை வந்தது: பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். பதினொன்றில் ஒரு பாடத்துக்கு வராமல் போன பிள்ளைக்கு என்ன செய்வது, செய்முறை இல்லாத பாடத்துக்கு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேள்வி முளைக்கும். ஒரு நிஜ மாணவரின் மதிப்பெண்ணைத் திரையில் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் கணக்குப் போட்டுக் காட்டினால் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். எழுதி விளக்கினால் ஒரு வாரம் போன் வந்துகொண்டே இருக்கும்.

எனவே மீட்டைக் கிழமை வைத்து நடத்தாமல் தேவை வைத்து நடத்தலாம். எதையாவது சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், கணக்கு விளக்க வேண்டும், சக ஆசிரியர் ஒருவரை இழந்த வாரம் — இதற்கெல்லாம் கூப்பிடுங்கள். மற்றபடி வேண்டாம். இலவச ஜூமில் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும் என்பதைக் குறை என்று சொல்வார்கள். எனக்கு அது ஒரு வரமாகவே பட்டது.

ஒரு பக்க வாரத் தாள்

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதுவும் சும்மா கிடைப்பதில்லை.

வாரம் ஒருமுறை, வரிசை எண் போட்ட, ஒரே பக்கத் தகவல். மேலே முதல் வரியாக “இந்தத் தாள் வந்ததும் முந்தைய தாள்கள் செல்லாது” என்று இருக்க வேண்டும். அப்புறம் சென்ற வாரத்திலிருந்து என்ன மாறியது, யார் என்ன செய்ய வேண்டும், எது இன்னும் முடிவாகவில்லை. அவ்வளவுதான்.

2021 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். பள்ளி திறப்பு அறிவிப்பு ஜனவரி 12 செவ்வாய்க்கிழமை வந்தது. புதன் போகி. வியாழன் முதல் சனி வரை பொங்கல் விடுமுறை, அப்புறம் ஞாயிறு. செவ்வாய்க்கிழமை திறப்பு. விடுமுறைக்கும் திறப்புக்கும் நடுவில் வேலை நாள் என்று பார்த்தால் திங்கட்கிழமை ஒன்றுதான். அந்த வாரத்துத் தாள் கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

> வாரத் தகவல் எண் 22 — முந்தைய தாள்கள் செல்லாது
>
> மாறியது: 10, 12 வகுப்புகள் ஜன. 19 செவ்வாய் முதல். வகுப்பறைக்கு 25 பேருக்கு மேல் இல்லை. வருகை கட்டாயமில்லை. பெற்றோர் இசைவுக் கடிதம் வேண்டும்.
>
> மாறாதது: 6 முதல் 9 வரை, 11 — முன்போலவே கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் பாடம்.
>
> திங்கள்: 10, 12 வகுப்பாசிரியர்கள் காலை 9.30. பெஞ்சு இடைவெளி, பிரிவு பிரிப்பு. மற்றவர்கள் வர வேண்டாம்.
>
> இன்னும் தெரியாதது: சனிக்கிழமை வகுப்பு உண்டா என்பது. பெற்றோர் கேட்டால் “ஆணை வந்ததும் சொல்கிறோம்” என்று மட்டும் சொல்லவும்.
>
> சந்தேகத்துக்கு: பிரிவு பிரிப்பு — உதவித் தலைமையாசிரியர். இசைவுக் கடிதம் — அலுவலகம்.

“இன்னும் தெரியாதது” என்கிற பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள், தெரியாது என்று எழுதினால் நிர்வாகத்துக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணம். நடைமுறையில் அதிகம் உதவுவது அந்தப் பகுதிதான். வதந்தி கிளம்புவது அந்த இடத்தில்தான். பெற்றோரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரே வாசகத்தைக் கொடுத்துவிட்டால் நாற்பது பேரும் நாற்பது விதமாகச் சொல்ல மாட்டார்கள். அறிவிப்பு வந்தும் ஆணை வராத நாட்களில் இது இல்லாமல் சமாளிப்பது கடினம்.

செலவுக்கு வருவோம். யாராவது ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து, வந்த கடிதங்களை எல்லாம் படித்து, நம் பள்ளிக்கு எது பொருந்தும் என்று பிரித்து எழுத வேண்டும். எச்.எம்.மே எழுதினால் நல்லது, நடைமுறையில் உதவித் தலைமையாசிரியர் தலையில்தான் விழும். அவருக்கு ஒரு பாடவேளையையாவது குறைத்துக் கொடுக்காமல் இதைச் சுமத்தினால் மூன்றாவது வாரமே தாள் வராது.

சனிக்கிழமை தாள் போய்விட்டது, ஞாயிறு மாலை புது அறிவிப்பு வந்துவிட்டது என்றால்? “திருத்தம்” என்று குழுவில் தனி வரி போடாதீர்கள். 22-அ என்று முழுத் தாளையும் திருத்தி மறுபடி அனுப்புங்கள். தாள் ஒரு இடத்தில், திருத்தம் இன்னொரு இடத்தில் என்றால் பழைய கதைதான்.

எழுத்துரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினியில் வானவில் எழுத்துருவில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். அதைத் தவிர்க்கப் பிரிண்ட் எடுத்துப் படம் பிடித்து அனுப்புவார்கள். படத்தில் எதையும் தேட முடியாது, ஐந்து அங்குலத் திரையில் ஏ4 பக்கத்தை விரித்து விரித்துப் படிப்பதும் நடக்காத காரியம். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடில், வாட்ஸ்அப் எழுத்துச் செய்தியாகவே, வரி வரியாக அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டுமென்றால் கோப்புக்கு மட்டும்.

போன் சங்கிலி

ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவர் வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுவார். பழைய முறைதான். ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத தூய்மைப் பணியாளரையும், கண் அறுவை செய்துகொண்டு திரை பார்க்காமல் இருக்கும் மூத்த ஆசிரியரையும், தனிமைப்படுத்தலில் இருப்பவரையும் இது எட்டும். வேறு எதுவும் எட்டாது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. திறப்புக்கு முன் உடற்கல்வி ஆசிரியர் தூய்மைப் பணியாளரை அழைக்கிறார் என்று வையுங்கள்.

“அக்கா, திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்துடுங்க. பிளீச்சிங் பவுடர் வந்தாச்சு.”

“வந்துடறேன் சார். சாவி யாருகிட்ட வாங்கறது? வாட்ச்மேன் தெருவை அடைச்சு வச்சிருக்காங்களே.”

தாளை எழுதியவருக்கு, படித்த நாற்பது பேருக்கு, ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. எழுத்தில் போகும் தகவலுக்கு இப்படிப் பதில் வராது. குழுவில் கேட்கத் தயங்குகிறவர் போனில் கேட்பார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பதும் போனில்தான் வெளியே வரும், நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் வராது.

கெடுதல் என்னவென்றால் வாய்வழியில் செய்தி திரியும். “வரலாம்” என்றது மூன்றாவது ஆளிடம் “வரணும்” ஆகியிருக்கும். அழைப்பவர் தாளைப் பார்த்துப் படிக்க வேண்டும், சொந்தமாக விளக்கம் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, இந்த வேலை எப்போதும் மறுக்கத் தெரியாத அதே இரண்டு மூன்று இளம் ஆசிரியைகளிடம் போய் நிற்கும். முறை வைத்து மாற்றுங்கள். போனில் தெரிந்த உடல்நிலை விவரம் எச்.எம்.மோடு நிற்க வேண்டும் என்பதையும் அழைப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுற்றறிக்கை நோட்டு

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி மூடியிருக்கும்போது நோட்டைச் சுற்றுக்கு விட முடியாது. சுழற்சி முறையில் பாதிப்பேர் வரும் நாட்களில் மீதிப் பாதியின் கையெழுத்து கிடைக்காது. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது இந்த நோட்டைத்தான். வாரத் தாளைப் பிரிண்ட் எடுத்து இதில் ஒட்டி, பள்ளிக்கு வருகிற நாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒரு வேலை முடிந்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நடப்பு எது என்று தெரியுமா | எல்லோரையும் எட்டுமா | பதிவு | கேள்வி கேட்க இடம் | யார் தலையில் சுமை |
|---|---|---|---|---|---|
| வாட்ஸ்அப் மட்டும் | கடினம் | ஸ்மார்ட்போன் இருந்தால் | உண்டு, தேட வேண்டும் | உண்டு, கூச்சமில்லாதவர்க்கு | படிப்பவர் |
| மீட் | அப்போதைக்குத் தெரியும் | டேட்டா, சிக்னல் பொறுத்து | இல்லை | நன்றாக உண்டு | எல்லோரும் |
| வாரத் தாள் | தெரியும் | ஓரளவு | நன்று | குறைவு | எழுதுபவர் |
| போன் | சொல்பவரைப் பொறுத்து | முழுக்க | இல்லை | மிக நன்று | அழைப்பவர் |
| நோட்டு | தெரியும் | பள்ளிக்கு வந்தால் | மிக நன்று | இல்லை | அலுவலகம் |

யாருக்கு எது

ஐம்பது, அறுபது பேர் இருக்கும் மேல்நிலைப் பள்ளியென்றால் வாரத் தாளை முதுகெலும்பாக வையுங்கள். அட்மின் மட்டும் பேசும் வாட்ஸ்அப் குழு வழியாக அதை அனுப்புங்கள், தாள் எட்டாத ஆறேழு பேருக்குப் போன், தேவை வந்தால் மட்டும் மீட். சின்னப் பள்ளிக்கு ஏற்கெனவே சொன்னதுபோல் குழுவும் போனும் போதும், ஆனால் திறப்புக்கு முந்தைய வாரம் மட்டும் ஒரு தாள் எழுதிவிடுங்கள். நெட்வொர்க் சரியாகக் கிடைக்காத மலைப்பகுதிப் பள்ளிகளில் போனை முதலில் வையுங்கள். அங்கே மீட்டை நினைக்கவே வேண்டாம்.

தனியார் மெட்ரிக் பள்ளிகளின் பிரச்சினை கொஞ்சம் வேறு. ஆப், மின்னஞ்சல் எல்லாம் தயாராக இருக்கும். ஊரடங்கில் சம்பளம் குறைக்கப்பட்ட பள்ளிகளில் ஆசிரியர்கள் வாரத் தகவலில் முதலில் தேடியது அந்த ஒரு விவரத்தைத்தான். அதைச் சொல்லாமல் கைகழுவும் முறையைப் பற்றி இரண்டு பக்கம் அனுப்பினால் மீதியையும் படிக்க மாட்டார்கள். சம்பளச் செய்தியைக் குழுவில் போடாதீர்கள், மீட்டிலும் சொல்லாதீர்கள். நிர்வாகத்தின் கையெழுத்தோடு தனித்தனிக் கடிதமாக அனுப்பி, அதே நாளில் ஒருவர் போனில் பேச வேண்டும்.

எந்த நாளில் அனுப்புவது என்ற கேள்வியும் வருகிறது. வெள்ளி மாலை அனுப்பினால் அன்றிரவு அறிவிப்பு வந்து தாள் பழசாகிவிடலாம். ஞாயிறு இரவு அனுப்பினால் ஆட்கள் தூங்கப் போகும் நேரத்தில் வேலை கொடுத்த மாதிரி ஆகும், திங்கள் காலை ஒன்பதரைக்கு வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்கு அது எந்த விதத்திலும் உதவாது. சனிக்கிழமை மதியம் அனுப்புங்கள். மாற்றமே இல்லாத வாரத்திலும் “இந்த வாரம் மாற்றம் எதுவும் இல்லை” என்று எண் போட்டு ஒரு வரி போக வேண்டும், இல்லையென்றால் தாள் வரவில்லையா, தனக்கு மட்டும் வரவில்லையா என்று கேட்டு ஞாயிறு முழுக்க உதவித் தலைமையாசிரியருக்குப் போன் வரும்.